தண்டவாளத்தை ஒட்டி ஒரு வீடு

சென்னையில் வேலை பார்க்கிற, கல்யாணமாகி நாலைந்து வருடமான எந்தத் தம்பதியிடம் பேச்சுக் கொடுத்தாலும் பேச்சு கடைசியில் வீட்டில் வந்துதான் நிற்கிறது. வாடகை ஏறிக்கொண்டே போகிறது. பிள்ளையை ஸ்கூலில் சேர்க்க வேண்டும். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் தங்க இன்னொரு அறை வேண்டும். "ஆபீசுக்குப் பக்கத்துல, நம்ம பட்ஜெட்டுக்குள்ள, எந்த ஏரியா நல்லாயிருக்கும்?" என்று கேட்கிறார்கள். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வருவதில்லை. இருபது வருடக் கடன் அது. உட்காருங்கள், ஒரு டீ சொல்லிவிட்டு நிதானமாகப் பேசுவோம்.

முதலில் அந்த "ஆபீசுக்குப் பக்கத்தில்" என்பதை எடுத்துக்கொள்வோம். யாருடைய ஆபீஸ்? இப்போது பெரும்பாலான வீடுகளில் இருவரும் வேலைக்குப் போகிறார்கள். அவருக்குச் சிறுசேரி சிப்காட், அவளுக்குக் கிண்டி. வீடு பார்க்கக் கிளம்பும்போது மட்டும் எப்படியோ ஒருவருடைய ஆபீஸ்தான் "ஆபீஸ்" ஆகிவிடுகிறது. பெரும்பாலும் அது கணவனுடையதாக இருக்கும். இன்னொருவர் "எப்படியாவது சமாளிச்சுக்கறேன்" என்று சொல்லிவிடுகிறார். அந்த "எப்படியாவது" தினமும் காலையும் மாலையும் அவருடைய உடம்பிலிருந்து எடுத்துக்கொடுக்கிற ஒன்று.

அடுத்து, அந்த ஆபீஸ் அங்கேயே இருக்குமா? 2000-ஆம் ஆண்டு தரமணியில் டைடல் பார்க் திறந்தபோது வேலை எல்லாம் இனி பழைய மகாபலிபுரம் சாலையில்தான் என்று ஆனது. அதற்குப் பிறகு மணப்பாக்கம், ராமாபுரம் பக்கம் பெரிய வளாகங்கள் வந்தன. பழைய தொழிற்பேட்டையான அம்பத்தூரில் கணினி நிறுவனங்கள் குடியேறின. 2024 நவம்பரில் ஆவடியைத் தாண்டி பட்டாபிராமிலேயே ஒரு டைடல் பார்க் திறந்தாகிவிட்டது. மூன்று நாலு வருடத்துக்கு ஒரு முறை கம்பெனி மாறுகிற தலைமுறை இது. கம்பெனி மாறாவிட்டாலும் பிராஜெக்ட் மாறும், அது நடக்கிற கட்டடம் மாறும். வீடு மட்டும் வாங்கின இடத்திலேயே இருக்கும்.

அதனால் நான் யாரிடமும் சொல்வது இதுதான்: இன்றைக்கு இருக்கிற ஆபீசைப் பார்த்து வீடு வாங்காதீர்கள், ரயில் தடத்தைப் பார்த்து வாங்குங்கள். ஆபீஸ் எங்கே போனாலும் ஒன்றிரண்டு மாற்றத்தில் போய்ச் சேரக்கூடிய தடம் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

சென்னைக்கு அந்தத் தடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. இன்று அது செங்கல்பட்டு வரை போகிறது. தாம்பரத்துக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலை நகர் என்று வரிசையாக நிலையங்கள். வடக்கே வந்தால் பரங்கிமலையிலும் கிண்டியிலும் இறங்கி மெட்ரோவுக்கு மாறலாம். பூங்கா நிலையத்தில் இறங்கினால் எதிரே சென்ட்ரல். சென்ட்ரலிலிருந்து மேற்கே போகிற தடத்தில் வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, திருநின்றவூர், வேப்பம்பட்டு, திருவள்ளூர். வடக்கே கும்மிடிப்பூண்டித் தடம். கடற்கரையிலிருந்து வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில். பட்ஜெட் வீடு தேடுகிறவர்கள் முதலில் மடியில் விரித்து வைத்துக்கொள்ள வேண்டியது இந்தத் தடங்களின் வரைபடத்தைத்தான். மனை விற்கிறவர் கொடுக்கிற வண்ணக் காகிதம் அப்புறம்.

பழைய மகாபலிபுரம் சாலையில் தரமணிக்குத் தெற்கே இருபத்தைந்து வருடமாக ரயில் இல்லை. இப்போது மெட்ரோவின் இரண்டாம் கட்டம், மொத்தம் 118.9 கிலோமீட்டர், வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வருகிற தடம் மட்டும் 45.8 கிலோமீட்டர். அது முழுதாக ஓடத் தொடங்கினால் நாவலூர், செம்மஞ்சேரி, சோழிங்கநல்லூர் பக்கத்துக் கணக்கே மாறிவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் "மெட்ரோ வரப்போகுது சார்" என்பதற்கு இன்றைக்கே காசு கேட்கிறார்கள். ஓடுகிற ரயிலுக்குக் காசு கொடுங்கள். வரப்போகிற ரயில், வந்தால் உங்களுக்கு லாபம் என்ற அளவில் இருக்கட்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். அந்தச் சிறுசேரி–கிண்டி தம்பதியையே எடுத்துக்கொள்வோம். இரண்டு வீடு பார்த்திருக்கிறார்கள். ஒன்று நாவலூரில், அவருடைய ஆபீசுக்குப் பக்கம், 75 லட்சம். இன்னொன்று ஊரப்பாக்கத்தில், ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில், 55 லட்சம். விலை உதாரணத்துக்குத்தான், இதைச் சந்தை நிலவரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு வங்கி வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆகவே நாவலூர் வீட்டுக்கு 60 லட்சம் கடன், கையிலிருந்து 15. ஊரப்பாக்கத்துக்கு 44 லட்சம் கடன், கையிலிருந்து 11. வட்டி எட்டரை சதவீதம், இருபது வருடம் என்று வைத்தால் முதலாவதற்கு இ.எம்.ஐ. 52,000 ரூபாய்ச் சொச்சம், இரண்டாவதற்கு 38,000 ரூபாய்ச் சொச்சம். மாதம் 14,000 வித்தியாசம்.

"ஆபீஸ் பக்கத்துல இருந்தா பெட்ரோல் மிச்சம், நேரம் மிச்சம்" என்பார்கள். பார்க்கலாம். ஊரப்பாக்கத்திலிருந்து வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாகச் சிறுசேரி சுமார் 24 கிலோமீட்டர். போக வர 48. பைக் லிட்டருக்கு 45 கொடுத்தால், லிட்டர் நூறு ரூபாய்க் கணக்கில் மாதம் 2,400 ரூபாய்ப் பெட்ரோல். சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்து 3,500 போடுங்கள். அவளுக்கு மின்சார ரயில் சீசன் டிக்கெட்டும் கிண்டியில் இறங்கியபின் ஷேர் ஆட்டோவும். நாவலூரில் இருந்தால் அவருக்குச் செலவு ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் அவள் நாவலூரிலிருந்து கிண்டிக்குத் தினமும் பஸ்ஸிலோ ஸ்கூட்டியிலோ, அவசரமென்றால் கேபிலோ போக வேண்டும். போக்குவரத்துச் செலவு ஏறக்குறைய சமமாகிவிடும்.

நேரத்தை இன்னும் கவனமாக எண்ண வேண்டும். நாவலூரிலிருந்து அவருக்குப் பதினைந்து நிமிடம். அவளுக்கு, காலை நெரிசலில், மெட்ரோ வேலை நடக்கிற சாலையில், ஒன்றரை மணி நேரம் ஆகலாம். ஊரப்பாக்கத்திலிருந்து அவருக்கு ஒரு மணி நேரம், அவளுக்கும் வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசல் வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம். இருவர் நேரத்தையும் கூட்டினால் ஒரு வீட்டுக்கு ஒன்றே முக்கால் மணி, இன்னொன்றுக்கு இரண்டு மணி. கால் மணி நேர வித்தியாசத்துக்கு மாதம் 14,000 ரூபாய். அதிலும் அந்தக் கால் மணி நேரச் சேமிப்பு முழுவதும் ஒருவருக்கே போய், சுமை முழுவதும் இன்னொருவர் மேல் விழுகிறது. இதைத் தாளில் எழுதி இருவரும் சேர்ந்து பார்க்காமல் ஒரு வீட்டுக்கும் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

நான் போட்ட நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். நீங்களே போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு காட்ட அழைத்துப் போவார்கள், சாலை காலியாக இருக்கும், எல்லாமே பக்கத்தில் தெரியும். செவ்வாய், புதன் போல ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, காலை எட்டு மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்று அங்கிருந்து ஆபீஸ் கிளம்புங்கள். சாயங்காலம் அதே வழியில் திரும்புங்கள். மேடவாக்கம் மாதிரி இடங்களில் இது மிக முக்கியம். வரைபடத்தில் பார்த்தால் வேளச்சேரி, சோழிங்கநல்லூர், தாம்பரம் மூன்றுக்கும் நடுவில் அருமையாக உட்கார்ந்திருக்கிறது. 2022-இல் இரண்டு கிலோமீட்டர் நீள மேம்பாலமும் வந்தது. ஆனாலும் ரயில் கிடையாது, எங்கே போவதானாலும் மேடவாக்கம் கூட்டுச்சாலையை நம்பித்தான் போக வேண்டும்.

தண்டவாளத்தின் எந்தப் பக்கம் வீடு என்பதையும் பாருங்கள். தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையும் ரயிலும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. ஸ்டேஷனிலிருந்து வீடு அரை கிலோமீட்டர் என்று சொல்வார்கள். அந்த அரை கிலோமீட்டருக்கு நடுவில் எட்டு வழிச் சாலை ஒன்று இருந்தால், பள்ளிக்கூடப் பையோடு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அதைக் கடப்பது தினசரிப் போராட்டம். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் வெளியூர்ப் பேருந்து முனையம் திறந்த பிறகு வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கம் வசதியும் கூடியிருக்கிறது, பொங்கல், தீபாவளிக்கு முந்தின நாள் நெரிசலும் கூடியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி தண்ணீர். இந்த ஒரு விஷயத்தில் அவசரப்பட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். புறநகரில் விலை குறைவாக இருக்கிற இடங்களில் பாதிக்கு அந்தக் குறைவுக்குக் காரணம் தண்ணீர்தான். மழைக்காலத்தில் அதிகமாக வந்துவிடுகிறது, கோடையில் வராமலே போய்விடுகிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மாடியில் நின்றவர்களைப் படகில் போய்க் கூட்டிவந்தார்கள். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால்தான் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் வந்து சேருவது முடிச்சூருக்குக் கீழே, திருநீர்மலை பக்கத்தில். முடிச்சூருக்கு வந்தது மேலே ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளிலிருந்து அடையாறு கொண்டுவந்த தண்ணீர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், "அந்த ஏரியை இனிமே பார்த்துத் திறப்பாங்க, இங்க ஒண்ணும் ஆகாது" என்று விற்கிறவர் சொல்லும்போது உங்களுக்கு எந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி மலிவாகக் கிடைக்கிற மனைக்கெல்லாம் இந்த ஒரு கேள்வி உண்டு.

கிழக்குப் பக்கம் வேறு கதை. மாடம்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம் ஏரிகள் எல்லாம் நிரம்பி வழிந்தால் தண்ணீர் போய்ச் சேரும் இடம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், பிறகு முட்டுக்காட்டில் கடலுக்கும். வழி குறுகலாக இருக்கிறது, கடலும் மழைக்காலத்தில் தண்ணீரைச் சீக்கிரம் வாங்கிக்கொள்வதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கத்து மக்கள் பல நாள் தண்ணீருக்கு நடுவில் இருந்தார்கள். 2022-இல் பள்ளிக்கரணை ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 2025-இல் பசுமைத் தீர்ப்பாயம் அதன் எல்லைக்கு வெளியே ஒரு கிலோமீட்டர் வரை, ஆய்வு முடியும்வரை புதிய கட்டட அனுமதி தரக் கூடாது என்று உத்தரவு போட்டது. அந்தப் பக்கம் வாங்க நினைக்கிறவர்கள் திட்டத்துக்கு அனுமதி எப்போது கிடைத்தது, இப்போது அதன் நிலை என்ன என்று வக்கீலை வைத்துத் தெரிந்துகொள்ளாமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வது ஒரு பங்கு. மீதியைத் தெருவில் நின்று தெரிந்துகொள்ளலாம். வீட்டைப் பார்க்கும் முன் தெருவைப் பாருங்கள். சாலை உயரமா, வாசற்படி உயரமா? ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரின் மேலேயே போட்டுப் போட்டு, பழைய வீடுகள் சாலையைவிட ஓரடி, ஒன்றரை அடி பள்ளத்தில் போய்விட்ட தெருக்கள் நிறைய உண்டு. காம்பவுண்டுச் சுவரில் ஒரே மட்டத்தில் பழுப்பாக ஒரு கோடு தெருநெடுக ஓடுகிறதா என்று பாருங்கள். அடுக்குமாடி என்றால் தரைத்தளத்து மின்சார மீட்டர் பலகையைப் பாருங்கள். சுவரில் பழைய பலகை இருந்த அடையாளம் கீழேயும், பலகை ஆளுயரத்துக்கு மேலேயும் இருந்தால், நடுவில் ஒரு மழைக்காலம் நடந்திருக்கிறது என்று அர்த்தம். லிப்ட் குழியில் துரு ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு தெருமுனை மளிகைக்கடையில் ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக்கொண்டு, "அண்ணே, பதினஞ்சுல இங்க எவ்வளவு தண்ணி? மிக்ஜாம்ல?" என்று கேளுங்கள். அவர் வாயால் சொல்வதற்கு முன் கையால் காட்டுவார், முட்டி வரையா, இடுப்பு வரையா என்று. இஸ்திரிபோடுகிற அம்மாவிடமும் அதையே கேளுங்கள். இரண்டு கையும் ஒரே உயரத்தைக் காட்டினால் அதை நம்பலாம். வீட்டு உரிமையாளர் சொல்வதும் புரோக்கர் சொல்வதும் இதற்குப் பிறகுதான்.

குடிக்கிற தண்ணீரும் அப்படித்தான். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்த வருடம் பழைய மகாபலிபுரம் சாலையில் சில கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதும் தண்ணீர் இல்லாமல்தான். அதற்குப் பிறகு 2024-இல் நெம்மேலியில் கடல்நீரைச் சுத்திகரித்து நாளுக்கு 15 கோடி லிட்டர் குடிநீர் தருகிற இரண்டாவது ஆலை வந்தது. ஆனால் ஆலை வந்துவிட்டால் உங்கள் தெருவில் குழாய் வந்துவிட்டது என்று ஆகாது. தெருவில் குடிநீர் இணைப்பு இருக்கிறதா, பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டும் இல்லாத அடுக்குமாடியில் உள்ளே வருவதும் லாரித் தண்ணீர், வெளியே போவதும் லாரி. அந்த இரண்டு லாரிக்கும் சேர்த்துத்தான் மாத மெயின்டெனன்ஸ். வாட்ச்மேனிடம் "மே மாசத்துல ஒரு நாளைக்கு எத்தனை லாரி வரும்?" என்று கேட்டால் சொல்லிவிடுவார். குளியலறைக் குழாயின் வாய்ப்பக்கம் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் உப்பு. தொட்டியில் செம்பழுப்புக் கறை இருந்தால் இரும்பு. ஒரு டம்ளர் போர் தண்ணீர் பிடித்து வாயில் வைத்துப் பாருங்கள். இவ்வளவு பெரிய பணம் போடுகிறோம், இதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

விலைக்கு மேல் வருகிற செலவைப் பலர் கடைசி வாரத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள். தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 55 லட்சத்துக்குப் பழைய ஃபிளாட் வாங்கினால் கிட்டத்தட்ட 5 லட்சம். இதற்கு வங்கி கடன் கொடுக்காது. கையிலிருந்து வர வேண்டும். பில்டரிடமிருந்து முதல் முறையாக வாங்கும் புது ஃபிளாட்டுக்கு முத்திரைத்தாள் குறைவு: 50 லட்சம் வரை 4, அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம். கட்டி முடிக்காத வீடென்றால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம் தனி. ஆனால் விலை 45 லட்சத்துக்குள், கார்பெட் ஏரியா 60 சதுர மீட்டருக்குள், அதாவது ஏறக்குறைய 645 சதுர அடிக்குள் இருந்தால் ஒரு சதவீதம்தான். பணி நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு ஜி.எஸ்.டி.யே இல்லை. இரண்டு சிறு படுக்கையறை போதும் என்கிற குடும்பத்துக்கு 45 லட்சத்துக்குக் கீழே தேடுவதில் இந்த ஒரு லாபமும் உண்டு.

கார்பெட் ஏரியா என்றதால் ஒன்று. "ஆயிரம் ஸ்கொயர்ஃபீட்" என்று சொல்வதில் படிக்கட்டு, லிப்ட், நடைவழி எல்லாம் அடக்கம். உள்ளே கால் வைத்து நடக்கக் கிடைப்பது எழுநூறு சொச்சமாக இருக்கலாம். ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பில்டர் கார்பெட் ஏரியாவைத்தான் சொல்லியாக வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. எட்டு வீட்டுக்கு மேல் அல்லது 500 சதுர மீட்டருக்கு மேல் நிலமுள்ள திட்டம் என்றால் ரெரா எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை வைத்து ரெரா தளத்தில் தேடினால் திட்டம் எப்போது முடியும் என்று பில்டரே எழுதிக் கொடுத்த தேதி கிடைக்கும். உங்களிடம் வாயால் சொன்ன தேதியோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பத்திரங்களைப் பற்றி நீட்ட மாட்டேன். அதற்கு நல்ல வக்கீலுக்குக் கொடுக்கிற பணம் வீண் போகாது. ஆனால் வக்கீலிடம் போவதற்கு முன்பே நீங்கள் பார்க்கக்கூடியது உண்டு. சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, அரசின் இணையச் சேவையில் பட்டாவையும் அ-பதிவேட்டையும் எடுங்கள். பட்டா விற்கிறவர் பெயரில் இருக்கிறதா, நிலம் எந்த வகை என்று அதிலேயே தெரியும். புறம்போக்கு, நீர்நிலை என்று ஏதாவது கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகப் பார்க்கலாம். பதிவு செய்த அடமானம் ஏதும் தீராமல் இருந்தால் அதில் வரும். மனையாக வாங்குகிறவர்கள் சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகார எண்ணைக் கேளுங்கள். 2016-இல் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. பிறகு அதற்கு முன் உருவான மனைகளை முறைப்படுத்த வழி வந்தது. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்" என்பது அங்கீகாரம் ஆகாது. ஃபிளாட் என்றால் உங்கள் பங்குக்கு வருகிற யு.டி.எஸ்., அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு, எத்தனை சதுர அடி என்று கேளுங்கள். கட்டடம் பழசாகும், அந்த நிலப் பங்குதான் கடைசிவரை உங்களுடையது.

இவ்வளவும் பார்த்து ஒரு ஏரியா மனதுக்குப் பிடித்துவிட்டால், வாங்குவதற்கு முன் அங்கே வாடகைக்குப் போங்கள் என்று நான் சொல்வேன். பதினொரு மாத ஒப்பந்தம் போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு மழைக்காலமும், ஏப்ரல், மே இரண்டு மாதக் கோடையும் அதற்குள் வந்துவிடும். "வாடகை வீணாகிறதே" என்ற வருத்தம் வரும். வீடு வாங்கின பிறகு அந்த ஏரியா ஒத்துவரவில்லை என்று தெரிந்தால், முத்திரைத்தாள், பதிவு, புரோக்கர் கமிஷன் எல்லாவற்றையும் இழந்துவிட்டுத்தான் வெளியே வர முடியும். ஒரு வருட வாடகை அதற்கு முன்னால் சின்னத் தொகை. அங்கேயே குடியிருந்தால் நல்ல வீடு விலைக்கு வருகிற செய்தியும் புரோக்கருக்கு முன்னால் உங்கள் காதுக்கு வந்துவிடும்.

தடத்தை வைத்துப் பேசினால் என் யோசனை இப்படி. கிண்டி, எழும்பூர், சென்ட்ரல் பக்கம் ஒருவரும் சிறுசேரி, மறைமலை நகர், மகிந்திரா சிட்டி பக்கம் இன்னொருவரும் வேலை பார்க்கிற வீட்டுக்குப் பெருங்களத்தூர் தொடங்கி கூடுவாஞ்சேரி வரையான நிலையங்கள் நடுவாக அமையும். அடையாற்றை ஒட்டிய தெருக்களைத் தவிர்த்துக்கொள்ள வேண்டும். அம்பத்தூர், பட்டாபிராம், சென்ட்ரல் என்று வேலை இருந்தால் மேற்குத் தடத்தில் திருமுல்லைவாயல் முதல் திருநின்றவூர் வரை தேடலாம். ஆவடி 2019-இலும் தாம்பரம் 2021-இலும் மாநகராட்சி ஆகிவிட்டதால் அந்தப் பக்கங்களில் குழாயும் சாக்கடையும் எந்தெந்த வார்டுக்கு வந்திருக்கிறது என்று மாநகராட்சி அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்குக் கம்பெனி பஸ் எந்த நிறுத்தத்துக்கு வருகிறது என்பதுதான் தடம். அங்கே ரயில் உதவாது. அவர்கள் பஸ் வருகிற வழியை வைத்துத் தாம்பரம், படப்பை, பூந்தமல்லி பக்கம் பார்க்கலாம்.

எல்லாக் கணக்கும் போட்டு முடித்த பிறகும் இரண்டு வீடு சமமாக நிற்கும். அப்போது, பிள்ளையை மாலையில் ஸ்கூலிலிருந்தோ டே கேரிலிருந்தோ கூட்டிவரப்போகிறவர் யார் என்று உங்களுக்குள் முடிவு செய்யுங்கள். அவருடைய பயணம் எந்த வீட்டிலிருந்து குறைவோ, அந்த வீடு. பெரும்பாலும் அம்மாதான் என்றால், இரவு ஒன்பது மணி ரயிலில் அவள் வந்து இறங்கும் நாளில் ஸ்டேஷனிலிருந்து வீடு வரை அந்தத் தெருவில் விளக்கு எரிகிறதா, கடை ஏதாவது திறந்திருக்கிறதா, ஷேர் ஆட்டோ கிடைக்கிறதா என்பதையும் இருவரும் சேர்ந்து அதே நேரத்தில் நடந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.